இடப்பாகத்து வலி

தலையில் ஓர் ஆற்றையும் ஒரு பிறையையும் சுமந்துகொண்டு ஒருநாளும் வலியென்று முகம் சுளியாத பெருமான் வாழ்க. அவன் திருமேனியில் இடப்பாதியைத் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்ட தாய் வாழ்க. அந்தத் திருவடிகளை முதலில் நினைத்துவிட்டேன். இனி என் தலையை நினைக்கலாம். அது கருங்கல் தளத்தில், அம்மன் சந்நிதிக்கு நேர் எதிரே, புகையேறிய விதானத்தைப் பார்த்தபடி கிடக்கிறது. நெற்றியில் ஈரத்துணி, துணியின்மேல் வாழையிலைத் துண்டு, இலையின்மேல் இடித்த பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்து பிடித்த மாவிளக்கு, அதன் குழியில் நெய், நெய்யில் திரி. திரியில் இன்னும் தீ இல்லை. "டீச்சரம்மா, நல்லாக் கேட்டுக்குங்க," என்கிறார் பூசாரி நாகலிங்கம், என் கால்மாட்டில் நின்றுகொண்டு. "வாயால ஒண்ணும் கேக்க வேண்டாம். நெத்தியில விளக்கு எரியறப்ப மனசுல என்ன ஓடுதோ, அதுதான் வேண்டுதல். ஆத்தா அதைத்தான் எடுத்துக்குவா. விளக்கு தானா மலையேறணும். அதுவரைக்கும் பேசப்படாது, அசையப்படாது." பிறகு அவர் கேட்கிறார்: "ஏத்தறது யாரு? கொணமானவங்க கையாலதான் ஏத்தணும், தெரியுமில்ல?" என் வலத்தோளருகே அமர்ந்திருப்பவள், "நான்தாங்க. தையில இதே எடத்துல படுத்தேனே, ஞாபகம் இல்லையா?" என்கிறாள். என் கொழுந்தன் மனைவி, என் ஓரகத்தி, கமலவேணி. இதே தலைவலி குணமானவள். தீக்குச்சி உரசும் ஓசை என் காதுக்குள் ஒரு கீறலாக இறங்குகிறது. "கண்ணை மூடிக்குங்கக்கா. நெய் தெறிச்சா சொல்லுங்க." "பேசக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னாரு," என்கிறேன். "அப்ப தெறிச்சா பொறுத்துக்குங்க," என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புக்குக் கீழே திரி பற்றுகிறது. இனி நான் பேச முடியாது.

தாயே. இப்படித்தான் தொடங்குவதாக இருந்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து இந்த வேண்டுதலை மனத்துக்குள் கட்டி வைத்தேன். முதலில் துதி, பிறகு என் சிறுமை, பிறகு முப்பத்தோராண்டு நோயின் வரலாறு சுருக்கமாக, பிறகு விண்ணப்பம், முடிவில் சரணாகதி. பள்ளியில் முப்பது ஆண்டு தமிழ் கற்பித்தவள், திங்கள்தோறும் பதினாறு பெண்களை உட்கார வைத்துப் பதிகம் ஓதுவிப்பவள், அம்மனிடம் ஒழுங்கற்ற வாக்கியத்தில் கேட்க முடியுமா? தாயே, அண்டத்தைச் சுமந்தும் களையாதவளே. அடுத்த அடி வரவில்லை. நெய்யும் வெல்லமும் சூடாகும் மணம் மூக்கில் ஏறுகிறது. மணம் எனக்கு ஆகாது, எந்த மணமும் ஆகாது, கற்பூரம், ஊதுவத்தி, தாளித்த கடுகு, எதுவும். மூச்சை மெல்ல விடுகிறேன், அசைவு தெரியாமல். விளக்கு கனக்கிறது. கனக்கத்தான் செய்யும்; நானே பிடித்த விளக்கு அது. வேணி சொன்ன அளவு ஒரு கைப்பிடி மாவு. "ஒரு கைப்பிடி போதும்க்கா, என்னோடது முக்கால் மணி நேரம் எரிஞ்சுது," என்றாள் தொலைபேசியில். முக்கால் மணி நேரமா உனக்கு? அப்படியானால் எனக்கு ஒன்றேகால் மணி நேரம் எரிய வேண்டும் என்று அந்த நொடியே நினைத்தேன். ஒரு கைப்பிடிக்கு மூன்று கைப்பிடி எடுத்து, குழியை இரண்டு விரல் அகலப்படுத்தி, காலையில் பூசாரி, "என்னம்மா இது, கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்தறாப்புல?" என்று கேட்டபோதும், "தலைவலி பெரிசுங்க," என்று சொன்னேன். தலைவலி பெரிதுதான். அதைவிடப் பெரிதாக வேறொன்று இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தாயே, அண்டத்தைச் சுமந்தும் களையாதவளே.

களையாதவளே என்று சொல்லும்போதே கும்பகோணத்தில் மாமனார் வீட்டின் சாமான் அறை வந்துவிடுகிறது. சன்னல் இல்லாத அறை அது. அரிசி மூட்டைகளும் பித்தளை அண்டாக்களும் கிடக்கும். அந்த இருட்டுக்காகவே நான் அதைத் தேடிப் போனேன். வலி வருமுன் இடக்கண்ணின் ஓரத்தில் உடைந்த கண்ணாடி வளையல் ஒன்று மின்னத் தொடங்கும். மின்னி மின்னி வளரும். புத்தகத்தில் பார்க்கும் சொல்லின் நடு எழுத்துகளைத் தின்றுவிடும். அரை மணி நேரத்தில் வளையல் மறையும். அப்போது இடப்புறத்தில் எவரோ நிதானமாக ஆணி இறக்கத் தொடங்குவார். கூந்தலைத் தொட்டால் நோகும். தலையணை நோகும். பக்கத்து வீட்டில் தேங்காய் உடைத்தால் என் பல் நோகும். அந்த அறையில் ஒன்பது ஆண்டு தனியாகக் கிடந்தேன். பிறகு இவள் மருமகளாக வந்தாள். வந்து நான்காம் மாதம் ஒரு பிற்பகல், நான் கிடந்த இருட்டுக்குள் கதவைத் தள்ளிக்கொண்டு தடுமாறி வந்து, "அக்கா, எனக்கு இந்தப் பக்கம் யாரோ கடையறாங்க," என்று வலப்பொட்டைப் பிடித்துக்கொண்டு அண்டாவின் பக்கத்தில் சுருண்டாள். நான் எழுந்து என் ஈரத்துணியை இரண்டாகக் கிழித்தேன். அவளுக்கு வலம், எனக்கு இடம். அதன்பிறகு இருவரும் கால்மாறி, தலையோடு தலை வைத்துப் படுத்துக்கொள்வோம். ஒருத்திக்குக் குமட்டினால் மற்றவள் கண்ணைத் திறக்காமலே கிண்ணத்தை நகர்த்துவாள். மாமனார் கதவுக்கு வெளியே நின்று, "ரெண்டு மருமகளும் சேந்தா ஒரு முழுத் தலைவலிடா இந்த வீட்டுக்கு," என்பார். உள்ளே நாங்கள் சிரிக்கக்கூட முடியாமல் வலியோடு குலுங்குவோம். அப்போது எனக்கு ஒரு மறைவான பெருமிதம் இருந்தது. இடப்பாகம் தாயின் பாகம். எனக்கு நோவது அவளுடைய பக்கம். ஏதோ ஒரு கணக்கில் நான் அவளுடையவள். இவளுக்கு நோவது வெறும் தலை. இதை எவரிடமும் சொன்னதில்லை. பதிகம் ஓதும்போது, இடப்பாகம் என்ற சொல் வரும் இடங்களிலெல்லாம், என் இடப்பொட்டு அதைக் கேட்டுக்கொள்வதாக உணர்வேன். தாயே, உன் பாகத்தை விட்டுவிட்டு அடுத்த பாகத்தைக் குணமாக்கினாயே, இது என்ன நீதி? இல்லை, இது வேண்டுதல் அல்ல. இதை எடுத்துக்கொள்ளாதே. தாயே, அண்டத்தைச் சுமந்தும்.

சூடு இறங்குகிறது. துணியின் ஈரம் பொட்டுவழியாக வழிந்து காதுக்குள் போகிறது, ஒரு சொட்டு, எறும்பைப் போல. துடைக்க முடியாது. வேணியின் உள்ளங்கை சுடருக்குக் காற்று மறைத்திருக்கிறது. இமையைச் சற்று விலக்கினால், விரல் இடுக்குகளில் தீயின் சிவப்பு. அழகான கை. எனக்கு எத்தனை கைகள் மருந்து தந்திருக்கின்றன! சுக்கை உரைத்துப் பற்றுப் போட்டது மாமியார் கை. தோல் எரிந்ததேயன்றி வலி அசையவில்லை. நொச்சி ஆவி பிடித்தேன். மூக்கில் சொட்டும் எண்ணெய்க்காக ஒரு வைத்தியசாலையில் இருபத்தொரு நாள் கிடந்தேன். கண்ணாடி மாற்றினேன், பல் பிடுங்கினேன், சர்க்கரை உருண்டைகளை நாக்கின்கீழ் வைத்துக் காபியை விட்டேன். காபியை விட்டதற்கே தனியாக ஒரு தலைவலி வந்தது. தஞ்சாவூர் நரம்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "மூளை ரொம்ப நல்லா இருக்குங்கம்மா," என்று பாராட்டினார். நல்ல மூளை ஏன் இப்படி அடிக்கிறது என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவர்தாம் ஒரு நோட்டுப்புத்தகம் போடச் சொன்னார். வலி வந்த நாள், நேரம், அதற்கு முன் என்ன உண்டேன், எங்கே போனேன், எவரைப் பார்த்தேன். வெயில் என்று எழுதினேன். உறக்கக் குறைவு என்று எழுதினேன். தயிர், ஏகாதசிப் பட்டினி, பேருந்துப் புகை. மாசி மாதத்திலிருந்து எழுத வேண்டிய காரணம் வேறாயிற்று, அதை எழுதவில்லை. மாசி ஐந்து, வேணி தலைநிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வாசலில் கோலம் போட்டதைப் பார்த்த நாள். மாசி பதினெட்டு, வேணி மூன்று மணி நேரம் திருமண மண்டபத்தில் நாதசுரத்தின் எதிரிலேயே உட்கார்ந்திருந்ததாகக் கேள்விப்பட்ட நாள். பங்குனி இரண்டு, "அக்கா, மாத்திரை அட்டை ரெண்டு பாக்கி கெடக்கு, எனக்குத்தான் வேண்டாமே, நீங்க வெச்சுக்குங்க," என்று அவள் கொண்டுவந்து தந்த நாள். அந்த அட்டைகளை வாங்கிக்கொண்டேன். நன்றி என்று சொன்னேன். அன்றைக்கு வந்த வலி இரண்டு நாள் போகவில்லை. நோட்டில் எழுதினேன்: மழைக்கு முந்திய புழுக்கம். மழையே பெய்யவில்லை.

தை மாதம் கடைசி வாரம் அவள் வந்து சொன்னாள். இப்போது தனியே இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் திங்கட்கிழமை வகுப்பு முடிந்து பெண்கள் சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். "அக்கா, ஒரு விசயம். இருவது நாளா வரலை. பூக்காரம்மா ஒருத்தி சொன்னா, சும்மா போய் ஒரு மாவெளக்கு போட்டேன். போயிடுச்சுக்கா!" பதினாறு பெண்களும் ஆவென்று பார்த்தார்கள். சும்மா போய். முப்பது ஆண்டு விடியலில் குளித்து ஓதியவள் நான். இவளுக்கு ஒரு பதிகம் முழுதாகத் தெரியாது. இரண்டாம் பாட்டில் முதல் பாட்டின் ஈற்றடியைச் சேர்த்துப் பாடுவாள். கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்ப்பதைவிடப் பிராகாரத்தில் பூனைக்குட்டியைப் பார்ப்பதே அதிகம். சும்மா போனாளாம். ஒரு கைப்பிடி மாவாம். "ரொம்ப சந்தோஷம் வேணி," என்றேன். என் குரல் தமிழ் ஆசிரியையின் குரலாக, ஒவ்வோர் எழுத்தும் துலக்கமாக வந்தது; அதுவே பொய் என்பதற்குச் சான்று. அவள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுண்டலைத் தின்றாள். அன்றிலிருந்து ஏழு மாதமாக அவளோடு பேசும்போதெல்லாம் துலக்கமாகவே பேசிவருகிறேன். வா வேணி. உட்கார் வேணி. எனக்குச் சற்று வேலை இருக்கிறது வேணி. வலி வந்தால் இப்போது நான் தனியாகத்தான் படுக்கிறேன். கிண்ணத்தை நானே நகர்த்துகிறேன். தலையைச் சுற்றி இருட்டு இருக்கிறது, முன்போலவே, ஆனால் வலப்பக்கம் எவரும் இல்லை. இந்தக் கோயிலுக்கு வரும்படி அவள் எட்டுமுறை அழைத்தாள், ஏழுமுறை மறுத்தேன். நீ குணமான இடத்தில் இரண்டாமவளாக நான் குணமாக வேண்டுமா? எட்டாம் முறை ஏன் இசைந்தேன்? போன வாரம் வகுப்பில் ஓதிக்கொண்டிருக்கும்போது, நான் நாற்பதாண்டாய் அறிந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. வளையல் அதைத் தின்றுவிட்டது. பெண்கள் காத்திருந்தார்கள். ஒருத்தி மெல்ல எடுத்துக்கொடுத்தாள். எடுத்துக்கொடுக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டேன். சொற்கள் போய்விட்டால் எனக்கு என்ன இருக்கிறது, தாயே? அதற்குத்தான் வந்தேன். சொற்களைக் காப்பாற்று. இதுதான் விண்ணப்பம், கண்டுபிடித்துவிட்டேன், இதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். தாயே, அண்டத்தைச் சுமந்தும் களையாதவளே, என் சொற்களை.

"இன்னும் பாதிகூட எரியலை," என்கிறது பூசாரியின் குரல் தூணருகிலிருந்து. "இது உச்சிக்காலம் வரைக்கும் போகும் போலருக்கே." வேணி, "உஷ்," என்கிறாள். அவள் குரல் சுருங்கி ஒலிக்கிறது. என்ன சலிப்பு உனக்கு? ஒரு மணி நேரம் எனக்காகக் கை மறைக்க முடியவில்லையா? காலையில் பேருந்திலும் அப்படித்தான் வந்தாய். சன்னலோர இடத்தை எனக்குத் தந்துவிட்டு, வெயில் படாத பக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் ஊம் கொட்டிக்கொண்டு. நலமானவர்களுக்கு நோயாளியின் பேச்சு கசக்கும் போலும். இறங்கும்போது பார்த்தேன், தலையில் பூ இல்லை. "பூ வைக்கலையா?" என்று கேட்டேன். "கட்டின பூ கெடைக்கலைக்கா." கோயில் வாசலில் மூன்று பூக்கடை இருந்தன. எனக்கு மணம் ஆகாதென்று இரக்கப்பட்டிருப்பாய். உன் இரக்கம். ஏழு மாதமாக அதைத்தான் வைத்துக்கொண்டு அலைகிறாய், மல்லிகையைவிட அதிக மணமாக. ஒருமுறை, ஒரே ஒருமுறை, உனக்கு அது திரும்பி வந்தால் தெரியும். நடுக்கூடத்தில் அந்த வளையல் மின்னட்டும், நாதசுரம் உன் பல்லில் இறங்கட்டும், நீயும் வந்து என் பக்கத்தில்.

ஐயோ.

என்ன நினைத்தேன்? நெற்றியில் விளக்கு எரிகிறது. மனத்தில் என்ன ஓடுகிறதோ அதுதான் வேண்டுதல் என்றாரே. இரண்டு நாள் கட்டிவைத்தது வாசலிலேயே நிற்கிறது. இது கட்டாமலே ஓடிப்போய்ச் சந்நிதியில் நின்றுவிட்டது, முழு வாக்கியமாக, எழுவாய் பயனிலையோடு. தாயே, அதை எடுத்துக்கொள்ளாதே. அது நான் அல்ல. அது நான்தான், ஆனாலும் எடுத்துக்கொள்ளாதே. ஓதிவிடுகிறேன், ஓதி மூடிவிடுகிறேன். ஒரு பதிகம் முழுதும், பத்துப் பாட்டும், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அந்த நினைப்பின்மேல் வைக்கிறேன். முதல் பாட்டு. இரண்டாம் பாட்டு. மூன்றாம் பாட்டின் நடுவில் அது மீண்டும் தலையெடுக்கிறது, நீயும் வந்து என் பக்கத்தில், நீயும் வந்து. புற்றுக்கு மேல் மண் போட்டால் பாம்பு வேறு வாயில் வருவதுபோல். எத்தனை பாட்டு ஓதினாலும் அடியில் அது கிடக்கிறது. இன்னும் எவ்வளவு நேரம் எரியும் இது? ஒரு கைப்பிடி மாவாக இருந்தால் இந்நேரம் மலையேறியிருக்கும். துதியோடு முடிந்திருக்கும். அவளைவிட அதிக நேரம் எரிய வேண்டுமென்று ஆசைப்பட்டவள் நான். இந்தப் பெரிய குழியில் நானே தாராளமாக ஊற்றிய நெய்தான் இப்போது என் நஞ்சை ஒவ்வொரு துளியாக உறிஞ்சி மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறது. அணைந்துவிடு. அணையாதே, அணைந்தால் அதுவே கடைசி நினைப்பாக நின்றுவிடும். நல்லதாக ஒன்றை நினைத்துக்கொள்கிறேன், பிறகு அணை. வேணி நன்றாக இருக்கட்டும். துலக்கமாக வருகிறது. ஒவ்வோர் எழுத்தும் துலக்கமாக வருகிறது. அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்; அவளுக்கும் தெரியும்; கல்லாக நிற்பவளுக்குத் தெரியாதா?

சுடரின் ஒளி ஆடுகிறது. காற்று மறைத்திருந்த கை விலகிவிட்டது. இமைகளைச் சிறிதே திறக்கிறேன். வேணியின் கை சுடரருகே இல்லை. அவள் முகத்தில் இருக்கிறது. வியர்வை துடைக்கிறாள் என்று நினைக்கிறேன், நினைக்க விரும்புகிறேன். ஆனால் அந்தக் கட்டைவிரல் வலப்புருவத்தின் உட்புற மூலையில், எலும்பின்கீழ் உள்ள சிறு பள்ளத்தில் அழுந்தியிருக்கிறது; மற்ற விரல்கள் நெற்றியில் விரிந்திருக்கின்றன; வாய் சற்றே திறந்து, மூச்சு அளந்து அளந்து போய் வருகிறது. இருபத்திரண்டு ஆண்டு அந்த விரலைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பள்ளத்தை அவளுக்குக் காட்டிக்கொடுத்ததே நான்தான். அண்டாவின் பக்கத்தில், முதல் நாளில், இருட்டில் அவள் கையைப் பிடித்து, இங்கே அமுக்கு, இங்கே, என்று. கேட்டுவிட்டாய், தாயே. முப்பது ஆண்டில் நான் கேட்ட எதையும் கேளாதவள், இதை மட்டும் கேட்ட மாத்திரத்தில். திருப்பி எடு. இதோ, இப்போதே. எரிந்து முடிந்தால்தான் கேட்டது நிற்கும் என்றால் எரிந்து முடியாமலே போகட்டும். தானாக மலையேறாத விளக்குக்கு வேண்டுதல் இல்லை; என்னுடையது எதுவும் உன்னிடம் வந்து சேர வேண்டாம், அந்த நினைப்பும் வேண்டாம், என் சொற்களும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். என் இரு கைகளும் எழுகின்றன. இலையின் இரு விளிம்பையும் பிடிக்கிறேன். நெய் ததும்பி என் மணிக்கட்டில் வழிகிறது, சுடுகிறது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எரியும் விளக்கு என் கையில் இருக்கிறது.

"அம்மா! அம்மா! இன்னும் மலையேறலையே!" பூசாரி தூணைவிட்டு ஓடிவருகிறார். "என்ன காரியம் செஞ்சீங்க டீச்சரம்மா? அவ்வளவும் வீணாப்போச்சே!"

"போகட்டும்," என்கிறேன். வேணியைப் பார்க்கிறேன். "எப்ப ஆரம்பிச்சுது? இப்பத்தானா? இந்த நிமிஷமா? உண்மையைச் சொல்லுடி."

கட்டைவிரலை அவள் சட்டென்று எடுத்துவிடுகிறாள். "என்னது? எதுக்கா? ஒண்ணுமில்லையே, தூசி."

"வேணி."

என் குரல் துலக்கமாக வரவில்லை. அவள் அதைக் கேட்டுவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டு, "விடியக்காலையில வளையல் வந்துச்சுக்கா. பஸ்ஸுலதான் நல்லா இறங்குச்சு," என்கிறாள்.

விடியற்காலையிலா? அப்போது நான் மாவைப் பிசைந்துகொண்டிருந்தேன். நான் இல்லை. நான் கேட்டதால் இல்லை. அவள் இன்னும் முடிக்கவில்லை. "இன்னிக்கி மட்டும் இல்லக்கா. ஆடி பொறந்ததுலேருந்தே திரும்ப வந்துடுச்சு. இது அஞ்சாவது தடவை."

"அஞ்சாவதா? அதான் பூ வைக்கலையா?" என்கிறேன். "என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா உங்களுக்கு யாரு ஏத்தறது? கொணமானவங்க கைதான் வேணும்கிறாங்களே. நீங்க எட்டாவது தடவைதான் சரின்னீங்க." அவள் என் மணிக்கட்டில் உறையும் நெய்யைத் தன் முந்தானையால் துடைக்கிறாள். பிறகு, என் முகத்தைப் பாராமல், மெல்லச் சொல்கிறாள்: "அதுவும் இல்லக்கா. நல்லாயிட்டேன்னு சொன்ன அன்னிலேருந்து உங்க மூஞ்சியே மாறிப்போச்சு. திரும்ப வந்துடுச்சுன்னு சொல்லி, அப்ப உங்க மூஞ்சி நல்லாயிடுச்சுன்னா... அதை நான் எப்படிக்கா பாத்துக்கிட்டு இருப்பேன்?"

இப்போது என் முகம் எப்படி இருக்கிறது? கண்ணாடி இல்லை, தேவையும் இல்லை. அஞ்சாவது தடவை என்று அவள் சொன்ன அந்த நொடியில், எனக்குள்ளே ஒன்று வெல்லத்தைப்போல இளகி இனித்தது. மறைக்க மாட்டேன். இடப்பாகத்தவளே, நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? ஒரு நொடிதான். அந்த இனிப்பின் அடியில் நாணம் இருந்தது, நாணத்தின் அடியில், எங்கேயோ ஆழத்தில், வலப்பக்கம் மீண்டும் எவரோ வந்து படுத்துக்கொண்டதன் ஆறுதல் இருந்தது. எது முதல், எது அடி என்று பிரித்தறிய எனக்குக் கல்வி போதவில்லை. அவள் என் முகத்தில் அந்த நொடியைப் பார்த்தாளா? பார்த்திருப்பாள். இருட்டிலேயே கிண்ணத்தை நகர்த்தத் தெரிந்தவள்.

"படு," என்கிறேன்.

"என்னது?"

"படுடீ. பாதி நெய் அப்படியே இருக்கு."

"கொணமானவங்க கையில்லையேம்மா," என்று பூசாரி தலையைச் சொறிகிறார். "அதோட, ஒருத்தருக்கு ஏத்தினதை இன்னொருத்தருக்கு... அப்படி யாரும் செஞ்சதில்லையே."

"நாங்க ஒரே தலைதான் பூசாரி," என்கிறேன். "எங்க மாமனார் சொல்லியிருக்காரு."

வேணி சிரிக்க முயன்று வலியில் முகத்தைச் சுளிக்கிறாள். என் ஈரத்துணியை நீளவாக்கில் கிழிக்கிறேன். பழைய துணி, எளிதாகக் கிழிகிறது. ஒரு பாதியை அவள் நெற்றியில் இட்டு, இலையோடு விளக்கை அதன்மேல் இறக்குகிறேன். சுடர் அணையவில்லை. என் உள்ளங்கையால் காற்றை மறைக்கிறேன். அவள் கண்கள் மூடிக்கொள்கின்றன. கட்டைவிரல் போக வேண்டிய பள்ளத்தில் என் மற்றொரு கையின் கட்டைவிரலை வைத்து அமுக்குகிறேன். அவள் மூச்சு மெல்ல நீள்கிறது. இப்போது அவள் மனத்தில் ஓடுவதுதான் வேண்டுதல். என்ன ஓடுகிறது அங்கே? ஒன்றையும் இரண்டு நாள் கட்டி வைத்திருக்க மாட்டாள். பூனைக்குட்டியை நினைக்கிறாளோ? தன் வலியை நினைக்கிறாளோ? அல்லது, அக்காவுக்குப் போகட்டும் என்று நினைக்கிறாளோ? நினைப்பாள், செய்யக்கூடியவள்தான். அப்படி நினைத்துவிட்டால் அதிலும் எனக்கு முந்திக்கொண்டுவிடுவாள். பார், தாயே, இன்னும் போகவில்லை. உன் பாகத்து நோய் இது, தலையில் மட்டும் இருப்பதன்று. என் இடக்கண்ணின் ஓரத்தில் வளையல் மின்னத் தொடங்குகிறது. அரை மணி நேரம் இருக்கிறது எனக்கு. நெய் அதைவிட அதிகமாக இருக்கிறது. ஆணி இறங்கட்டும், விளக்கு தானாக மலையேறும்வரை இந்தக் கையை எடுக்கமாட்டேன். இதை மட்டும் இவளுக்கு முன்னே நான் செய்துவிடுகிறேன்.

இதைக் கேட்டிருந்தவர் எவராயினும், அவர் தலை அவருக்குப் பாரமாகாதிருக்க. நோகும் வேளையில் அவர் நெற்றியருகே காற்றை மறைக்க ஒரு கை வாய்க்க. அந்தக் கைக்குரியவர் நலமுற்றுச் சிரிக்கக் கண்டால், அவர் முகம் மாறாதிருக்க. பிறையும் ஆறும் சுமந்தவன் காக்க; அவனில் பாதியானவள் காக்க.